போணி ஆகட்டும், நில்லுங்கம்மா

ஊர்க் கடைகளை ஆதரிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்க வருகிறவர்களைக் கண்டாலே எரிச்சலாக வரும். ஆதரிக்க நான் தயார்தான். அந்தக் கடைகள் என்னை உள்ளே விட வேண்டுமே? சித்தூர்க் கடைப் படிகளில் நான் சும்மா நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்துக் கொடுத்திருந்தால் இந்நேரம் ஒரு பட்டப்படிப்பே முடித்திருப்பேன்.

நான் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு சித்தூரில். தினமும் பஸ்தான். விடிந்ததும் கிளம்பினால்தான் நேரத்துக்கு என் நாற்காலியில் போய் உட்கார முடியும். அதனால் பூவோ பழமோ எது வாங்குவதாக இருந்தாலும், கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதே போய் நிற்கிற முதல் ஆள் நான்தான். அன்றைய முதல் வியாபாரம், அதாவது போணி, என் கையால்தான் ஆக வேண்டும். சிக்கலே அங்கேதான். என் வீட்டுக்காரர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. கழுத்தில் தாலி இல்லை, காலில் மெட்டி இல்லை. வியாபாரிகளின் கண் முதலில் கழுத்துக்குப் போகும், அப்புறம் காலுக்குப் போகும், கடைசியில்தான் முகத்துக்கு வரும்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா, போணி ஆவட்டும்."

தெலுங்குக்காரர் கடை என்றால், "போணி காலேதம்மா, கொஞ்செம் ஆகண்டி." மொழிதான் வேறு, நிற்பது ஒன்றுதான். சுமங்கலி யாராவது வந்து அரை முழம் பூ வாங்கிய பிறகு, "உங்களுக்கு இன்னாம்மா வேணும்?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்பார்கள். யாரும் திட்டியதில்லை. சிரித்த முகத்தோடுதான் நிறுத்தி வைப்பார்கள். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

அதனால் நான் சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறினேன். அங்கே ஏ.சி. இருக்கிறது என்பதற்காக இல்லை. அங்கே பில் போடுகிற பெண் என் கழுத்தைப் பார்ப்பதில்லை. பாக்கெட்டின் முதுகைப் பார்ப்பாள், மிஷின் 'கீக்' என்று கத்தும், முடிந்தது. ஷட்டர் தூக்கியவுடன் நான்தான் முதல் ஆளாக நுழைந்தாலும் அந்தக் கம்பெனி ஒன்றும் திவாலாகிவிடவில்லை. போகப் போக இன்னும் இரண்டு கிளை திறந்தார்கள்.

இப்படி நான் பாட்டுக்கு இருந்தபோதுதான் அந்த மாங்காய் வருடம் வந்தது. விலையே இல்லை. ஜூஸ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நின்று நின்று, லோடு வண்டியிலேயே பழுத்து ஒழுகியது. சிலர் வந்த வழியிலேயே ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். சித்தூரில் மாங்காய் படுத்தால் துணிக்கடையிலிருந்து டீக்கடை வரைக்கும் கூடவே படுத்துவிடும். எங்கள் தெருவிலேயே இரண்டு கடைகளில் 'டு லெட்' பலகை தொங்கியது.

உடனே எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கு ஊர்ப்பற்று பொங்கிவிட்டது. சங்கத் தலைவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. நல்லவர்தான், ஆனால் இன்னும் ஓய்வு பெறாதவர் மாதிரியே பேசுவார். கீழ்த்தள ஹாலில் கூட்டம் போட்டார். இனி எல்லோரும் சின்னக் கடைகளில்தான் வாங்க வேண்டும், பிளாஸ்டிக் பாக்கெட்டைத் தொடக்கூடாது, வீட்டிலிருந்து தூக்கோ டப்பாவோ எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தீர்மானம். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று முதல் வாட்ஸப்பில் விடிந்தால் பச்சை இலைப் படங்கள்தான். 'சப்போர்ட் லோக்கல்' என்று எழுதிய படத்தை அனுப்பிய அதே ஆள், லிஃப்டில் ஆன்லைன் பார்சலைப் பிரித்துக்கொண்டே இறங்குவார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் குப்பைக்கூடை திறந்தது. யாரோ ஒரு புண்ணியவதி என் வாசலில் வைத்த குப்பையிலிருந்த ரீஃபைண்டு எண்ணெய் பாக்கெட்டுகளை ஃபோட்டோ எடுத்து, பெயர் போடாமல், ஆனால் என் மிதியடி நன்றாகத் தெரிகிற மாதிரி குரூப்பில் போட்டுவிட்டாள். அதன் கீழே தலைவி, "தயவுசெய்து ஒத்துழைக்கவும்" என்று கைகூப்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று இரவு சாப்பாடே இறங்கவில்லை. காலையில் பரணிலிருந்து எவர்சில்வர் தூக்கை இறக்கித் துடைத்து, ஆபீஸ் பையோடு மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு மரச்செக்கு போட்டிருந்தார்கள். தெலுங்கில் 'கானுக நூனெ' என்றும் கீழே தமிழில் 'செக்கு எண்ணெய்' என்றும் போர்டு. குடிபாலா பக்கத்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி. அவர்கள் நிலத்துக் கடலை, அக்கம்பக்கத்துக் கடலை எல்லாவற்றையும் காயவைத்து இங்கேயே ஆட்டுவார்கள். புண்ணாக்கு திரும்பவும் குடிபாலா மாடுகளுக்கே போகும். பாட்டில் கிடையாது, பாக்கெட் கிடையாது, பாத்திரம் கொண்டுபோனால்தான் எண்ணெய். சங்கத்தின் தீர்மானத்துக்காகவே செய்து வைத்த மாதிரி ஒரு கடை.

நான் போனபோது செக்கு சுற்றிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் இருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு முந்தின நாள் கோபம் அப்படியே இருந்ததால், அவள் வாயைத் திறக்குமுன் நானே ஆரம்பித்தேன்.

"போணி ஆச்சா?"

"இல்லக்கா. நீங்கதான் மொதல்ல வர்றீங்க. குடுங்க தூக்க."

"எனக்கு வீட்டுக்காரர் இல்லம்மா. பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா என்னைச் சொல்லக்கூடாது. இப்பவே சொல்லிடு, வெளிய நிக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். கழுத்தையும் பார்த்தாள், பார்த்ததை மறைக்கவில்லை. பிறகு தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கட தொறந்து வெச்சிக்கினு பொழுதுக்கும் ஈ ஓட்டிக்கினு கீறேன்க்கா. யாரு வந்தா இன்னா, வந்தா சரி. எவ்ளோ ஊத்தட்டும்?"

ஒரு லிட்டர் வாங்கினேன். ஃபோனில் பணம் அனுப்பப் போன என்னைத் தடுத்தாள். "போணிக்கு ஃபோனு வேணாங்க்கா, நோட்டா குடுங்க." நோட்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, எண்ணெய் அளக்கிற லிட்டர் சொம்பில் தொட்டு, அப்புறம் டப்பாவில் போட்டாள். நல்ல போணி என்றால் எல்லா வியாபாரிகளும் செய்வதுதான் இது. என் நோட்டுக்கு யாரும் செய்து பார்த்து ரொம்ப காலமாகியிருந்தது. "மூடி சரியா போடு, பையில கொட்டிடப் போவுது" என்று அதட்டிவிட்டு ஓடினேன்.

அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சாயங்காலம் பஸ் இறங்கி வருகிறேன், கடை வாசலில் நின்று கையைக் கையை ஆட்டுகிறாள். நான் போன பிறகு ஒரு கல்யாண சமையல்காரர் வந்து டின் டின்னாக வாங்கிப் போனாராம். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்து, எண்ணெயே தீர்ந்துவிட்டதாம்.

"உங்க கை ராசியான கைக்கா! நாளைக்கும் நீங்கதான் போணி."

"நாளைக்கு எனக்கு எண்ணெய் வேணாம்மா. இப்பதானே வாங்கினேன்."

"அம்பது மில்லி வாங்குங்க. ஒரு வெரல் வாங்குங்க. வராம மட்டும் போய்டாதீங்க."

இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். அறிவுள்ளவளாக இருந்திருந்தால் ராசியாவது மண்ணாவது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். ராசியில்லாதவள் என்று நிற்க வைத்தபோது அது மூடநம்பிக்கை என்று கொதித்தவள்தான் நான். ராசிக்காரி என்று ஒருத்தி சொன்னதும் மறுநாள் கால் மணி நேரம் முன்னாலேயே எழுந்து தலை வாரிக்கொண்டு கிளம்பினேன். என்னை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் கால் நிற்கவில்லை.

ஒற்றை ஆள் குடித்தனத்தில் தினமும் எண்ணெய் வாங்கினால் என்ன ஆகும்? கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று அடுப்படி அலமாரி முழுக்கச் சீசாக்கள். சனிக்கிழமை மட்டும் எண்ணெய் வாங்கக்கூடாது என்று ஊரே சொல்வதால் அன்றைக்கு எனக்குப் புண்ணாக்கு. மாடு இல்லாத வீட்டில் புண்ணாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஊற வைத்துச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். செம்பருத்தி மட்டும்தான் அந்த வருடம் கஷ்டம் தெரியாமல் வளர்ந்தது.

இந்தச் சனிக்கிழமை சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை எண்ணெய் வாங்கினால் வீட்டுக்குள் சனியன் கூடவே வரும் என்று எங்கள் தலைவி உட்பட எல்லோரும் சொல்வார்கள். வாரத்தில் ஜனங்கள் கடைக்கு வருகிற நாளே அதுதான். அன்றைக்குச் செக்குக்காரி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அதே சனிக்கிழமை சாயங்காலம் தலைவி சூப்பர் மார்க்கெட் பையோடு லிஃப்டில் வந்தார். பைக்குள் எண்ணெய் பாக்கெட்டுகள் பளபளத்தன. "இன்னிக்குச் சனிக்கிழமையாச்சே மேடம்?" என்றேன். "இது பாக்கெட்தாம்மா, சீல் பண்ணது," என்றார். சீல் வைத்தால் சனீஸ்வரனுக்குக் கண் தெரியாது போலிருக்கிறது. போணி, சனிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு கூடாது என்கிற அத்தனை சட்டமும் இந்தச் சின்னக் கடைக்காரர்களின் தலையில்தான் விழுகிறது. பெரிய கடைக்குள் எந்தச் சட்டமும் நுழைவதில்லை. ஊர்க் கடைகள் ஏன் படுக்கின்றன என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் இதை ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் பையில் எண்ணெய் வாசனை அடிக்க ஆரம்பித்ததும் கல்லூரியில் கேட்டார்கள். ஒரு நாள் தூக்கின் மூடி கழன்று, பிரின்சிபால் கையெழுத்துக்கு வைத்திருந்த ஃபைல் முழுக்கக் கடலை எண்ணெய். அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், முகர்ந்து பார்த்து, "எக்கட?" என்றார். எங்கே வாங்கினாய் என்று கேட்கிறாராம். அவருக்கு ஐந்து லிட்டர். அவரைப் பார்த்து அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு, லைப்ரரிக்கு என்று வரிசையாக ஆர்டர். செக்குக்காரி சந்தோஷமாகக் குதித்தாள். தூக்கிக்கொண்டு போனது யார்? நான். பெண்களுக்கு இலவசம் என்று ஆன பிறகு பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. அதில் இரண்டு கையிலும் டின்னோடு நான். "பஸ்ஸா, ஆயில் மில்லா இதி?" என்று கண்டக்டர் தினமும் கேட்பார். தோள்பட்டை வலிக்கு அந்த எண்ணெயையே சுட வைத்துத் தேய்த்துக்கொள்வேன்.

ஆனால் என் ஆபீஸ் டின்களை நம்பி ஒரு செக்கு ஓடாது. ஆரம்பத்தில் வந்த கூட்டம் மெதுவாகக் குறைந்தது. சூப்பர் மார்க்கெட்டில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டான். எங்கள் அபார்ட்மென்டிலிருந்து முதல் மாதம் தூக்கோடு வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டவர்களை அப்புறம் காணவில்லை. செக்கு இருந்த கட்டடத்துச் சொந்தக்காரர் தீபாவளிக்குப் பிறகு இடத்தை மொபைல் கடைக்காரருக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

"இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பெரிய ஆர்டரு ஒண்ணு வந்தா அட்வான்ஸ ஏத்திக் குடுத்து எடத்த புடிச்சி வெச்சிக்கலாம். இல்லாங்காட்டி செக்க வித்துட்டு, அவரு ஸ்ரீசிட்டில கம்பெனி வேலைக்குப் போயி ரூமு எடுத்துக்கினு தங்கிடுவாரு. நான் புள்ளைங்கள இட்டுக்கினு ஊருக்குப் போய்டுவேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "மாமியா வூட்ல கெடக்கணும். கடையில குந்திக்கினா நானும் ஒரு மனுஷின்னு தோணுது. அங்க போனா எல்லாம் போச்சி."

பெரிய ஆர்டர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் அபார்ட்மென்டில் தீபாவளிக்குச் சமையல்காரரை வரவழைத்து, எல்லா வீட்டுக்கும் முறுக்கு, அதிரசம், லட்டு என்று ஹாலிலேயே போடுவார்கள். அதற்கு வேண்டிய எண்ணெய் கொஞ்சநஞ்சமில்லை. நானே தலைவியிடம் போய்ச் சொன்னேன். நம்ம தீர்மானம் இருக்கே மேடம், அந்தச் செக்கிலேயே வாங்கிடலாமே என்றேன். "ஷ்யூரா! இதுதானே நம்ம நோக்கமே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சந்தோஷமாகத்தான் வந்தேன்.

இரண்டு நாள் கழித்து லிஃப்டில் பிடித்துக்கொண்டார். கதவு மூடும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் இதெல்லாம் நம்பறவ இல்ல. ஆனா லேடீஸ் எல்லாரும் சொல்றாங்க. அந்தப் பொண்ணுக்கு வியாபாரம் ஏன் இப்படி இறங்கிப் போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. தினமும் போணி யார் பண்றாங்கன்னு..."

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது.

"அதனால வெள்ளிக்கிழமை காலைல நானே போய் போணி பண்ணி, தீபாவளி ஆர்டரையும் குடுத்துட்டு வரேன். அவகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க அன்னிக்கு மட்டும் கொஞ்சம் லேட்டா போங்க, சரேனா? அவளுக்கு நல்லது நடக்கணும்னுதானே நமக்கெல்லாம் ஆசை."

லிஃப்ட் கதவு திறந்தது. நான் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். பதில் எல்லாம் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் வந்தது. சுவரைப் பார்த்து உரக்கவே சொன்னேன். மாங்காய் விலை விழுந்ததும் என் கழுத்தாலா? ஒன்றுக்கு ஒன்று இலவசம் கொடுத்தவனை விட்டுவிட்டார்கள், தூக்கோடு செல்ஃபி எடுத்துவிட்டு ஓடியவர்களை விட்டுவிட்டார்கள். தினமும் தவறாமல் போய் வாங்கியவள் ஒருத்திதான், கடை படுத்ததற்கு அவள் காரணமாம்.

வெள்ளிக்கிழமை போவதா வேண்டாமா என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நான் போய், அதனால் ஆர்டர் கெட்டுப்போனால் அவள் கதி என்ன? போகாவிட்டால், ஆமாம், நான் ராசியில்லாதவள்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? கடைசியில் வழக்கமான நேரத்துக்கே கிளம்பினேன். அவள் என்னை நிற்கச் சொல்ல மாட்டாள் என்று மனசுக்குள் எங்கேயோ ஒரு நம்பிக்கை இருந்தது.

கடை வாசலில் பெரிதாகக் கோலம் போட்டிருந்தாள். செக்குக்குப் பூ வைத்திருந்தாள். புருஷன் ஓரமாக நின்று கடலை மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். நான் படியேறியதும் அவள் குனிந்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"அக்கா," என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் நில்லுங்கக்கா. அந்தம்மா வந்துக்கினு கீறாங்களாம். போணி ஆவட்டும்."

எட்டு வருடமாகக் கேட்ட அதே வார்த்தைகள். மற்ற கடைகளில் கேட்டபோதெல்லாம் எனக்குக் கோபம் மட்டும்தான் வரும். இங்கே அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று அதற்கு வேறு கோபம் வந்தது. "சரி" என்று படியிறங்கி, மின் கம்பத்தின் பக்கத்தில் தூக்கோடு நின்றேன். திரும்பிப் போயிருக்கலாம். நிற்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். யார்தான் வருகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று நின்றேன்.

என் பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. ஒருவர் வந்து கலெக்டர் ஆபீசுக்கு வழி கேட்டார். ஒருவர் சில்லறை கேட்டார். போணி ஆகாமல் டப்பாவைத் திறக்க முடியாது என்று அவரைத் திருப்பி அனுப்பினாள். செக்கு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் ரோட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவள் புருஷன், "அக்காவ உள்ள வந்து குந்தச் சொல்லேன்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவள் மறுபடியும் ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் தலைவி வந்தார். கோயிலிலிருந்து வருகிறார். பட்டுப்புடவை, கையில் தேங்காய் மூடி வைத்த தட்டு, நெற்றி நிறையக் குங்குமம். மின் கம்பத்தோரம் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் படியேறினார். செக்குக்காரி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்கம்மா, வாங்கம்மா. உங்களுக்கோசரந்தான் பாத்துக்கினு கீறோம்."

"நல்லா இருக்கியாம்மா? பார், அந்த ஆர்டர் விஷயம்," என்றார் தலைவி. "நேத்து கமிட்டியில பேசினோம். சூப்பர் மார்க்கெட்காரன் டின்னுக்கு ஒரு பக்கெட் ஃப்ரீயா தரேங்கிறான், டோர் டெலிவரி வேற. எல்லாரும் அதுக்கே ஓகே சொல்லிட்டாங்க. நான் ஒருத்தி என்ன பண்றது சொல்லு? நீ மனசுல வெச்சுக்காத. நாங்க தனித்தனியா வந்து வாங்குறோம். உன்ன சப்போர்ட் பண்ணாம விடுவோமா?"

செக்குக்காரியின் புருஷன் கடலை மூட்டையின் வாயை மறுபடியும் கட்ட ஆரம்பித்தார்.

தலைவிக்கே சங்கடமாகியிருக்க வேண்டும். தட்டைக் கல்லாமேல் வைத்துவிட்டு பர்ஸைத் திறந்தார். "சரி, வந்தது வந்துட்டேன், என் கையால நல்ல போணியாவது ஆவட்டும். ஒரு கால் லிட்டர் நல்லெண்ணெய் குடு. விளக்குக்கு ஆச்சு. பாத்திரம் எடுத்துக்கினு வரல, கவர்ல ஊத்திக் குடு." ஒரு நோட்டை நீட்டினார்.

செக்குக்காரி அந்த நோட்டைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கி, அவரைத் தாண்டி, மின் கம்பத்தோரம் நின்ற என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா," என்றாள் தலைவியிடம். "போணி ஆவட்டும்." பிறகு என்னைப் பார்த்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள்: "அக்கா! இன்னா அங்கயே நின்னுக்கினு கீறீங்க? தூக்க குடுங்க!"

நான் படியேறினேன். தலைவி ஒதுங்கி வழிவிட்டார். நீட்டிய நோட்டு இன்னும் அவர் விரலிலேயே இருந்தது. செக்குக்காரி ஒரு லிட்டர் தளும்பத் தளும்ப அளந்து ஊற்றினாள். நான் கொடுத்த நோட்டை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கையை எடுத்தபோது நோட்டு ஈரமாக இருந்தது. அதைச் சொம்பில் தொட்டு, டப்பாவில் போட்டாள்.

"இப்ப சொல்லுங்கம்மா, உங்களுக்கு இன்னா வேணும்?" என்று திரும்பினாள். தலைவி இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பாதித் தெரு போயிருந்தார். நான் எட்டு வருடம் நின்றேன். அந்தம்மாவால் ஒரு லிட்டர் அளக்கிற நேரம் நிற்க முடியவில்லை.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்டர் போனது போனதுதான். அவள் புருஷன் ஸ்ரீசிட்டிக்குப் போய்விட்டார், லீவு கிடைக்கிறபோது வருகிறார். கடையின் முன் பாதியை மொபைல்காரர் எடுத்துக்கொண்டார். பின் பாதியில் அவள் தனியாகச் செக்கு ஓட்டுகிறாள். விற்கவும் இல்லை, ஊருக்குப் போகவும் இல்லை. இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சங்கத்து வாட்ஸப்பில் பச்சை இலைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அந்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது நான் அவளைச் சும்மா விடவில்லை.

"எதுக்குடி என்னை நிக்க வெச்ச?"

"தப்புதான்க்கா. கோவமா?"

"ஆமா. பயங்கர கோவம்."

"கோவத்தோடயே வாங்க," என்றாள். "நாளைக்குச் சனிக்கிழமதான். இருக்கட்டும், எண்ணெயே வாங்கிக்கினு போங்க."

கோபம் இன்னும் தீரவில்லை. அலமாரியில் இடமும் இல்லை. லீவு நாளில்கூடக் கொஞ்ச நேரம் சேர்த்துத் தூங்க முடிவதில்லை. நான் போய் நிற்கிற வரைக்கும் அவள் டப்பாவைத் திறக்க மாட்டாள்.